தண்ணிக்கு அடியில இருக்கிற குகையைப் பற்றின படம்: உங்களை விடாமல் துரத்துற காட்சி எது?

நிலாவரையான்:
'சாங்க்டம்' (2011) பாத்த ஆக்கள் இருப்பியள், புயலில குகைக்குள்ள அம்பிட்ட சுழியோடியளின்ரை படம். அதில ஒரு சுழியோடிப் பெட்டையின்ரை காற்றுக் குழாய் கிழியிற இடம்தான் எனக்கு. அவையின்ரை தலைவர் தன்ரை காற்றைக் குடுக்கிறார், திருப்பி வாங்கிறார், குடுக்கிறார். அவள் பயத்தில விடாமல் இழுக்கிறாள். அவர் பறிச்செடுக்கிறார். தலைவரின்ரை மகன் மேல திரையில பாத்துக்கொண்டு நிக்கிறான். என்னைப் பொறுத்தவரை அது கொலை. இப்ப நிலாவரைக் கிணத்தடிக்குப் போனாலும் எட்டிப் பாக்க மனம் வராது. எங்கடை யாழ்ப்பாண நிலமும் சுண்ணக்கல்லுத்தானே, அடியில குகை இருக்கலாம்.

கடற்கரைப் பொடியன்:
அண்ணை, கொலையெண்டு சொல்லாதேங்கோ. எங்கடை மாமா சிலிண்டர் போட்டுக் கடலட்டை பிடிச்சவர். கூடப் போனவர் பதறி மாமாவின்ரை வாய்க்குழாயைப் பிடுங்கிப்போட்டார். மாமா உதைச்சுத் தள்ளித்தான் மேல வந்தவர். மற்றவரும் தப்பிட்டார், ஆனால் ரெண்டு பேரும் பிறகு கதைக்கிறேல்லை. அது திறந்த கடல். குகையில மேல வர வழியே இல்லை, காற்றை அவளிட்டை விட்டிருந்தால் ரெண்டு சாவு.

சுழியோடி:
ரெண்டு பேரும் காற்றுக் கணக்கை விட்டிட்டியள். குகைக்குள்ள போறதுக்கு மூண்டில ஒரு பங்கு, வாறதுக்கு ஒரு பங்கு, மிச்சம் ஆபத்துக்கு. 30 மீற்றர் ஆழத்தில ஒவ்வொரு மூச்சுக்கும் தண்ணிக்கு மேல செலவாகிறதைப்போல 4 மடங்கு காற்றுப் போகும், பதறினால் இன்னும் கூட. வாசலில இருந்து கயிறு கட்டிக்கொண்டுதான் போகவேணும், ஏனெண்டால் அடியில கிடக்கிற சேறு ஒருக்காக் கிளம்பினால் சொந்தக் கையே தெரியாது. ஒராளுக்குக் குறைஞ்சது மூண்டு லைட். திறந்த கடலில பழகினது காணாது, இதுக்கெண்டு தனியாப் பழகவேணும். நிலாவரையில எலுமிச்சம்பழம் போட்டால் கீரிமலைக் கேணியில வருமெண்ட கதையை நம்பி ஒருத்தரும் சிலிண்டரோடை இறங்கிப் பாக்காதேங்கோ தம்பியவை. மேல நல்ல தண்ணி, கீழ உப்பு, அவ்வளவு தெரிஞ்சால் போதும். நான் குகைக்குள்ள ஒருக்காத்தான் போனனான், வெளிநாட்டில. கயிறு கையில இருந்து நழுவிட்டுது. தேடிப் பிடிக்கிறதுக்கிடையில என்ரை மூச்சுச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

வடமராட்சியாள்:
படம் நடக்கிறது பப்புவா நியூகினியில. ஆனால் கரு, படத்தின்ரை கதையை எழுதினவையில ஒருத்தரான அன்ட்ரூ வைற்றின்ரை சொந்த அனுபவம், 1988இல அவுஸ்திரேலியாவின்ரை நல்லர்போர் (Nullarbor) வெளியில. புயலில குகைவாசல் இடிஞ்சு உள்ளுக்கை அம்பிட்டவை எல்லாரும் உயிரோடை வந்தவை. பேந்தேன் படத்தில ஒவ்வொருத்தராக் கொல்லவேணும்? கயிற்றில தலைமயிர் சிக்கித் தொங்குறாளே ஒருத்தி, மயிரை அறுக்கிறனெண்டு கயிற்றை அறுக்கிறது! எனக்கு அதுதான். இண்டைக்கும் தலையை இறுக்கிப் பின்னாமல் கிணத்தடிக்குப் போறேல்லை.

நிலாவரையான்:
தம்பி சொன்னதை யோசிச்சனான். உங்கடை மாமாவும் மற்றவரும் ஏன் கதைக்கிறேல்லை? அதைச் சொல்லுங்கோ.