ஆய்வேட்டுக்கு வெளியே: இளம் சுற்றுச்சூழல் ஆய்வாளர்களைச் சந்தித்த அனுபவங்கள்

காலநிலை மாற்றத்தையும் உயிரினப் பாதுகாப்பையும் பல்கலைக்கழகங்களில் ஆராய்ந்துவரும் இளைஞர்களோடு பழகும் வாய்ப்பு இங்கே பலருக்கும் கிடைத்திருக்கும். ஆய்வேட்டை ஒப்படைத்ததோடு நில்லாமல், தாம் கண்டறிந்ததை முடிவெடுப்பவர்களின் மேசை வரை கொண்டுசேர்த்தவர்களை நீங்கள் சந்தித்திருந்தால் எழுத வேண்டுகிறேன். முதலில் என் அனுபவத்தைச் சொல்லிவிடுகிறேன்.

அறிவியல் செய்திகளை எழுதுவது என் தொழில். அதன் பொருட்டு, பீட் சதுப்பு நிலமொன்றில் மீத்தேன் அளவெடுத்துக்கொண்டிருந்த முனைவர் பட்ட மாணவி ஒருவருடன் ஒரு முழுப் பகலைக் கழித்தேன். முழுமையாக மட்காத தாவரங்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஈரத்தில் படிந்து உருவான இத்தகைய நிலங்கள் உலக நிலப்பரப்பில் ஏறத்தாழ 3 விழுக்காடுதான் என்றாலும், உலகக் காடுகளின் மரஞ்செடிகள் அனைத்திலும் இருப்பதைவிட அதிகமான கார்பன் அவற்றில் அடைபட்டுக் கிடக்கிறது. பலகைகள் போட்ட நடைபாதையை விட்டு இறங்க அவர் என்னை அனுமதிக்கவே இல்லை. சேற்றில் காலை அழுத்தி வைத்தால் உள்ளே சிக்கியிருக்கும் வாயுக் குமிழிகள் பொங்கி வெளியேறி, அந்த இடத்து அளவீட்டைக் கெடுத்துவிடும் என்றார். மண்ணில் முன்பே பதித்திருந்த வளையத்தின் மேல் கலம் ஒன்றைக் கவிழ்த்து மூடி, சில நிமிட இடைவெளிகளில் ஊசிக்குழாயால் உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சிச் சிறு குப்பிகளில் அடைத்து, ஒவ்வொன்றுக்கும் நேரத்தையும் வெப்பநிலையையும் நீர்மட்டத்தையும் குறித்துக்கொண்டே போனார்.

வடிகால் வெட்டி நீரை இறக்கிவிட்டால், காற்றுப்பட்ட பீட் மட்கிக் கார்பன் டை ஆக்சைடாக வெளியேறுகிறது. நீரை மேலே தேங்கவிட்டாலோ மீத்தேன் கிளம்புகிறது. அது 20 ஆண்டுக் கணக்கில் பார்த்தால் கார்பன் டை ஆக்சைடைவிட ஏறத்தாழ 80 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைப்பது. நீர்மட்டம் மண்ணின் மேற்பரப்பை ஒட்டிச் சற்றே கீழே நின்றால் மொத்தப் பாதிப்பு குறைவு என்பது துறைக்குப் புதிய செய்தி அன்று. அந்த மாணவி செய்த புதிய வேலை வேறொன்று. மதகைத் திறந்து மூடும் பொறுப்பிலிருந்த அலுவலகத்துக்கு அவர் தம் கட்டுரையை அனுப்பவில்லை. மதகுக் காவலர் நாள்தோறும் எந்த அளவுகோலைப் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதுகிறாரோ, அந்த அளவுகோலின் எண்களிலேயே தம் முடிவுகளை ஒரே பக்க அட்டவணையாக மாற்றி எடுத்துச் சென்றார். சென்றதும் விளக்கத் தொடங்கவும் இல்லை; எந்த மாதங்களில் நீரை இறக்கியே தீர வேண்டிய நெருக்கடி உங்களுக்கு வருகிறது என்று கேட்டுவிட்டு, பதிலைப் பொறுமையாக எழுதிக்கொண்டார். மேடையில் முழங்கும் இளைஞர்களைப் பற்றி நான் நிறைய எழுதியிருக்கிறேன். தலைமைப் பண்பு என்று எதையாவது சுட்டச் சொன்னால், இப்போது அந்தக் கேள்வியைத்தான் சுட்டுவேன்.

சட்டக் கல்லூரி ஆசிரியர் ஒருவர்:

என்னுடைய அனுபவம் வகுப்பறைக்குள் நிகழ்ந்தது. பன்னாட்டுச் சுற்றுச்சூழல் சட்டம் பற்றிய கருத்தரங்கு வகுப்பில் மாணவர் ஒருவர், பசிபிக் தீவு நாடான வனுவாட்டுவிலுள்ள தென் பசிபிக் பல்கலைக்கழக வளாகத்தில் 2019இல் 27 சட்ட மாணவர்கள் தொடங்கிய இயக்கத்தைப் பற்றிப் பேசினார். காலநிலை குறித்து நாடுகளுக்கு என்னென்ன சட்டக் கடமைகள் உண்டு என்பதைப் பன்னாட்டு நீதிமன்றத்திடமே கேட்டுவிடலாம் என்ற எண்ணம் அவர்களுக்கு எழுந்தது. மாணவர்கள் நேரடியாக அந்த நீதிமன்றத்தின் படியேற முடியாது என்பதால், பசிபிக் தீவு அரசுகளுக்குக் கடிதம் எழுதத் தொடங்கினார்கள். வனுவாட்டு அரசு அதைத் தன் பொறுப்பாக ஏற்றுப் பிற நாடுகளின் ஆதரவைத் திரட்டியது; 2023 மார்ச் 29 அன்று ஐ.நா. பொதுச்சபை அந்தக் கோரிக்கையை ஒருமனதாக நிறைவேற்றியது. 2025 ஜூலை 23 அன்று நீதிபதிகள் ஒருமித்த ஆலோசனைக் கருத்தை வழங்கினார்கள். காலநிலையைக் காக்கும் கடமை ஒப்பந்தங்களிலிருந்து மட்டுமின்றி, நாடுகள் கடமையாகக் கருதிப் பின்பற்றிவரும் நடைமுறையிலிருந்து உருவான வழக்காற்றுச் சட்டத்திலிருந்தும் எழுகிறது என்பதும், அதை மீறுவது பன்னாட்டுச் சட்டப்படி தவறான செயலாகலாம் என்பதும் அதன் சாரம். ஆலோசனைக் கருத்து எந்த நாட்டையும் கட்டுப்படுத்தாது என்று வகுப்பில் ஒருவர் குறுக்கிட்டபோது, கட்டுப்படுத்தாத கருத்தை உள்நாட்டு நீதிமன்றங்களில் மேற்கோள் காட்டலாம் அல்லவா என்று பேசியவர் அமைதியாகக் கேட்டார். அந்தக் கேள்வியிலிருந்தே தம் ஆய்வுத் தலைப்பையும் அவர் பின்னர் அமைத்துக்கொண்டார்.

புள்ளியியல் துறையிலிருந்து:

மேலே எழுதிய இருவரும் முடிவுகள் போய்ச் சேரும் இடத்தைப் பேசினார்கள். நான் அதற்கு முந்தைய கட்டத்தைப் பேச விரும்புகிறேன், ஏனெனில் பாராட்டு அங்கே எட்டிப் பார்ப்பதே இல்லை. அமெரிக்க அறிவியலாளர் சார்லஸ் டேவிட் கீலிங், ஹவாயிலுள்ள மௌனா லோவா எரிமலையில் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை அளக்கத் தொடங்கிய 1958 மார்ச்சில் அவருக்கு முப்பது வயதுகூட நிரம்பவில்லை. அப்போது காற்றில் பத்து லட்சத்தில் சுமார் 315 பங்காக இருந்த அளவு இன்று 420ஐத் தாண்டிவிட்டது. நிதி வெட்டால் 1964இல் சில மாதங்கள் அளவீடு நின்றுபோன இடைவெளியை அந்த அளவீடுகளின் வரைபடத்தில் இன்றும் காணலாம்.

என்னிடம் தரவுப் பகுப்பாய்வுக்கு உதவி கேட்டு வந்த ஆய்வு மாணவர் ஒருவர், தமக்கு முன் படித்துச் சென்ற மூவர் விட்டுப்போன ஆற்றுநீர் வெப்பநிலைப் பதிவுகளை ஒன்றாக இணைக்க முயன்றுகொண்டிருந்தார். உணரிகள் வேறு, நேரக் குறிப்பு முறை வேறு, ஒரு கோப்பில் அளவீட்டு இடத்தின் பெயர்கூட இல்லை. அவர் அவற்றைச் சீர்செய்து, அடுத்து வருபவர் குழம்பாதிருக்கக் கையேடு ஒன்றையும் எழுதி வைத்தார். அந்த வேலைக்கு அவருடைய துறையில் எந்த மதிப்பெண்ணும் கிடையாது. மூன்றாண்டு நல்கை, மூன்று கட்டுரை என்று கணக்கிடும் முறையில் முப்பதாண்டுத் தரவு எங்கிருந்து பிறக்கும் என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை.

களப்பணி உதவியாளராக இருந்த ஓர் உறுப்பினர்:

காட்டில் ஒலிப்பதிவுக் கருவிகளை மரங்களில் கட்டிப் பறவைகளைக் கணக்கெடுத்த குழுவில் நான் வேலை செய்தேன். பதிவாகும் மணிக்கணக்கான ஒலியைக் கணினி நிரல்தான் இனம்வாரியாகப் பிரிக்கும். ஆனால் நிரலுக்கு முதலில் யாராவது குரல்களை அடையாளம் காட்டிப் பயிற்சி அளித்தாக வேண்டும். அதைச் செய்தவர்கள் அந்தக் காட்டை ஒட்டி வாழும் இரண்டு முதியவர்கள். கட்டுரை எழுதும் நேரம் வந்தபோது அவர்களை நன்றியுரையில் குறிப்பிட்டால் போதும் என்ற பேச்சு குழுவில் எழுந்தது. குழுவிலேயே வயதில் இளைய ஆய்வாளர் அதை ஏற்கவில்லை. அடையாளம் கண்டவர் கருவியின் உரிமையாளரா, காதின் உரிமையாளரா என்று அவர் கேட்டபோது மூத்தவர்கள் சிரித்துவிட்டார்கள், பிறகு யோசித்தார்கள். இதழின் படிவத்தில் ஒவ்வோர் ஆசிரியருக்கும் நிறுவனப் பெயர் கட்டாயம் என்றிருந்ததால் அதற்கும் பல கடிதங்கள் எழுத வேண்டியிருந்தது. இறுதியில் அந்த இருவரும் இணையாசிரியர்களாகவே வெளிவந்தார்கள். அதற்கு முன் கட்டுரை முழுவதையும் அவர்களுடைய மொழியில் அவர்களுக்குப் படித்துக் காட்டி ஒப்புதல் பெற்றார் அந்த இளையவர். படித்துக் காட்டியதில் இரண்டு பறவைகளின் கூடுகட்டும் காலம் தவறாக எழுதப்பட்டிருந்தது தெரியவந்து, அச்சுக்குப் போகும் முன் திருத்தப்பட்டது.