நைட்டி தைக்கிற யூனிட்டுக்கு வெப்சைட்: இவ்வளவு செலவாகுமா?

வண்ணை_தையல்:
பழைய வண்ணாரப்பேட்டையில் அம்மாவும் சித்தியும் மாடியில் மெஷின் போட்டு நைட்டி, இன்ஸ்கர்ட் தைத்து எம்.சி. ரோடு கடைகளுக்கு மொத்தமாகப் போடுகிறார்கள். இப்போது நெல்லூர், வேலூர் பக்கமிருந்தும் வாட்ஸப்பில் கேட்கிறார்கள். ஒவ்வொருத்தருக்கும் அதே போட்டோ, அதே சைஸ், அதே பதில் என்று அனுப்பி அம்மாவுக்கு அலுத்துவிட்டது. வெப்சைட் போட்டு லிங்க்கை மட்டும் அனுப்பலாம் என்று ஒரு டிசைனரைக் கேட்டால் ஷாப்பிங் கார்ட், பேமெண்ட் எல்லாம் சேர்த்து 35,000 ரூபாய் என்கிறார், டொமைனை, அதாவது வெப்சைட்டின் பெயரை, அவரே பார்த்துக்கொள்வாராம். எங்களுக்கு ஆன்லைன் பேமெண்டே வேண்டாம், ஜிபேயில் அட்வான்ஸ் விழுந்தால்தான் துணியை வெட்டுவோம். என்ன செய்யலாம்?

கல்மண்டபம்காரன்:
தம்பி, அம்மாவின் தலைவலிக்கு வெப்சைட்டே வேண்டாம். வாட்ஸப் பிசினஸ் ஆப்பில் கேட்டலாக், அதாவது படத்தோடு சரக்குப் பட்டியல் இருக்கிறது, 500 அயிட்டம் வரை ஏற்றலாம், இலவசம், லிங்க்கும் கிடைக்கும். அப்புறம் கூகுள் மேப்பில் யூனிட்டைச் சேர். வெரிஃபிகேஷனுக்குப் பெரும்பாலும் வீடியோதான் கேட்கிறான்: தெருப் பெயர்ப் பலகையில் ஆரம்பித்து, மாடி ஏறி, மெஷின் ஓடுவதுவரை நடுவில் நிறுத்தாமல் எடுக்க வேண்டும். வீட்டு அட்ரஸ் வெளியே தெரிய வேண்டாமென்றால் மறைக்கலாம். மேப்போடு கூகுளே ஒரு இலவச வெப்சைட் கொடுத்துக்கொண்டிருந்தது, அதை 2024 மார்ச்சில் மூடிவிட்டார்கள். பழைய யூடியூப் வீடியோவைப் பார்த்து அதைத் தேடிக்கொண்டிருக்காதே.

பெரம்பூர்_வெப்:
நான் இதே தொழில். கேட்டலாக் நல்லதுதான், ஆனால் கூகுளில் "நைட்டி ஹோல்சேல் வண்ணாரப்பேட்டை" என்று தேடுகிறவர் கண்ணில் படுவதற்குச் சொந்தமாக ஒரு பக்கமாவது இருப்பது நல்லது. அதற்கு 35,000 அநியாயம். கூகுள் சைட்ஸ் என்று ஒன்று இருக்கிறது, அண்ணன் சொன்ன மூடியது வேறு; அதில் நீயே ஒரு பக்கம் செய்து, வாங்கிய டொமைனை அதில் இணைக்கலாம்.

எனக்கு இடிப்பது அந்த "பார்த்துக்கொள்வார்"தான். டொமைன் உன் பெயரில், உன் இமெயிலில், உன் கார்டில் இருக்க வேண்டும். என்னிடம் வந்த ஒரு ஹார்டுவேர் கடைக்காரருக்கு டிசைனர் தன் இமெயிலில் வாங்கிக் கொடுத்துவிட்டு நம்பரை மாற்றிவிட்டார், ரின்யூவல் மெயில் யாருக்குப் போயிற்றோ தெரியாது. டாட் காம் காலாவதியாகி ரிடெம்ப்ஷன் என்கிற மீட்புக் காலத்துக்குள் போய்விட்டால் 30 நாள், அதற்குள் மீட்கக் கூடுதல் பணம் கேட்பார்கள், அதுவும் தாண்டினால் 5 நாளில் யார் வேண்டுமானாலும் வாங்கலாம். அவர் பில்புக், பை, போர்டு எல்லாவற்றிலும் அந்தப் பெயரை அடித்து வைத்திருந்தார்! டொமைன் விற்கிறவன் முதல் வருஷம் 99 ரூபாய் என்று போட்டிருப்பான், அடுத்த வருஷ விலையைப் பார்த்து வாங்கு. எஸ்எஸ்எல்லுக்கு, அதாவது வெப்சைட்டுக்கான பாதுகாப்புச் சான்றிதழுக்கு, தனியாகக் காசு கேட்டால் கொடுக்காதே, லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பு அதை இலவசமாகவே தருகிறது.

ஒவ்வொரு மாடலுக்குக் கீழும் வாட்ஸப் லிங்க் வை. நம்பருக்கு முன்னால் 91 மட்டும், பிளஸ் குறி வேண்டாம். "மாடல் 12 வேண்டும்" என்று மெசேஜையும் அதிலேயே எழுதி வைத்துவிட்டால் எந்த நைட்டி என்று அம்மா திரும்பக் கேட்க வேண்டியதில்லை.

பிரஸ்_ராயபுரம்:
ஒன்றே ஒன்று. நோட்டீஸ் அடித்த பிரஸ்ஸில் மேட்டரை வாங்கி அப்படியே ஒட்டிவிடாதீர்கள். நாங்கள் இன்னும் பாமினி என்கிற பழைய தமிழ் ஃபாண்டில்தான் அடிக்கிறோம், அதில் "அம்மா" வெப்சைட்டில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று வந்து நிற்கும். போனிலேயே தமிழில் அடியுங்கள், யூனிகோடாக வரும், எல்லா இடத்திலும் தமிழாகவே தெரியும். போட்டோவையும் சுருக்கி ஏற்றுங்கள், நாலு எம்பி படத்தைத் திறக்க நெல்லூர்க்காரர் காத்திருக்கமாட்டார்.

வண்ணை_தையல்:
நன்றி அண்ணே. விலை போடலாமா? எம்.சி. ரோடு கடைக்காரர்கள் பார்த்தால் வம்பு, அவர்களுடைய கஸ்டமர் பார்த்தால் பெரிய வம்பு.

பெரம்பூர்_வெப்:
போடாதே. சைஸ், துணி, குறைந்தது எத்தனை பீஸ் என்பது போதும், விலை வாட்ஸப்பில். நெல்லூருக்குச் சரக்கு அனுப்பினால் அது வெளிமாநிலம், விற்பனை கம்மியாக இருந்தாலும் ஜிஎஸ்டி பதிவு வேண்டும், ஆடிட்டரைப் பார்த்துவிடு.

வண்ணை_தையல்:
சரி அண்ணே. முதலில் மேப் வீடியோ. மாடிப்படி முழுக்கத் துணி மூட்டை, நகர்த்தச் சொன்னால் சித்தி கத்துவார்.

கல்மண்டபம்காரன்:
மூட்டை இருக்கட்டும் தம்பி, அதைவிட ப்ரூஃப் வேண்டுமா?