நேபாளத்தின் பெண் ஒதுக்கீடு: அதிகாரமா, இரண்டாம் நாற்காலியா?

தேன்மொழி:
2008இல் மன்னராட்சியை முடிவுக்குக் கொண்டுவந்த நேபாளம், பெண்களை அரசியலுக்குள் அழைத்துவருவதில் தெற்காசியாவின் பழைய குடியரசுகளை முந்திவிட்டது என்பது என் கருத்து. 2015ஆம் ஆண்டு அரசியலமைப்பின்படி, கூட்டாட்சி நாடாளுமன்றத்துக்கு ஒவ்வொரு கட்சியின் சார்பிலும் தேர்வாகிறவர்களில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கினர் பெண்களாக இருக்க வேண்டும்.

அதைவிட முக்கியமாக எனக்குப் படுவது வார்டு அளவில் வந்த மாற்றம். ஒரு வார்டுக்குத் தலைவர் ஒருவர், உறுப்பினர்கள் நால்வர். அந்த நால்வரில் இருவர் பெண்கள், அந்த இருவரில் ஒருவர் தலித் பெண். இருபது ஆண்டு இடைவெளிக்குப் பின் 2017இல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது, வாக்காளர் ஒரே சீட்டில் ஸ்வஸ்திக முத்திரையை ஏழு இடங்களில் பதிக்க வேண்டியிருந்தது: மேயர், துணை மேயர், வார்டுத் தலைவர், பெண் உறுப்பினர், தலித் பெண் உறுப்பினர், பொது உறுப்பினர் இருவர். தலித் பெண் ஒருவருக்கு முத்திரை குத்தாமல் எந்த உயர்சாதிக்காரரும் தம் வாக்கை முழுமையாகச் செலுத்தியிருக்க முடியாது. தேர்வான 35,041 பேரில் 14,353 பேர் பெண்கள். அவர்களில் 6,500க்கும் மேற்பட்டோர் தலித் பெண்கள். இதை வெற்றி என்று ஏற்காதவர்கள் காரணத்தோடு எழுதுங்கள்.

சபாபதி:
எண்ணிக்கையை நான் மறுக்கவில்லை. அத்தனை பேரும் எந்த நாற்காலியில் அமர்த்தப்பட்டார்கள் என்று பார்க்கலாம். தலைவர், துணைத் தலைவர் (நகரங்களில் மேயர், துணை மேயர்) ஆகிய இரு பதவிகளுக்கும் ஒரு கட்சி வேட்பாளரை நிறுத்தினால் அவர்களில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும் என்பதோடு சட்டம் நின்றுவிட்டது. எந்தப் பதவிக்கு என்று சொல்லவில்லை. கட்சிகள் என்ன செய்திருக்கும் என்று ஊகிக்கப் பெரிய அறிவு வேண்டியதில்லை. 2017இல் 753 உள்ளாட்சிகளில் பதினெட்டில்தான் பெண்கள் தலைமைப் பதவிக்கு வந்தார்கள். துணைப் பதவியிலோ 700 பெண்கள்.

2022இல் அதிலும் கைவைத்தார்கள். ஒரே ஒரு வேட்பாளரை நிறுத்தும் கட்சிக்கு இந்த விதி பொருந்தாது என்ற விலக்கு சட்டத்திலேயே இருந்ததால், கூட்டணி அமைத்த கட்சிகளில் ஒன்று மேயர் பதவிக்கு ஓர் ஆணையும், மற்றொன்று துணை மேயர் பதவிக்கு இன்னோர் ஆணையும் நிறுத்தி, சட்டத்தை எழுத்தளவிலும் மீறாமல் பெண்களை ஓரங்கட்ட முடிந்தது. தலைமைப் பதவியில் பெண்கள் 25 பேர் ஆனார்கள். துணைப் பதவியில் அவர்கள் பங்கு ஏறத்தாழ முக்கால் அளவுக்கு இறங்கியது.

நாடாளுமன்றக் கீழவையின் 275 இடங்களில் 165 நேரடித் தொகுதிகள். அவற்றில் 2017இல் வென்ற பெண்கள் ஆறு பேர், 2022இல் ஒன்பது பேர். மூன்றில் ஒரு பங்கு என்ற கணக்கை நிரப்பியவர்கள் பெரும்பாலும் கட்சி பெறும் வாக்கு விகிதத்துக்கு ஏற்ப இடம் தரும் முறைக்காகக் கட்சித் தலைமை தயாரித்த விகிதாசாரப் பட்டியலில் இருந்து வந்தவர்கள். தம்மைப் பட்டியலில் சேர்த்த தலைவரை எதிர்த்து அவர்கள் எப்படிப் பேசுவார்கள்? 2015 அரசியலமைப்பையே பாருங்கள். வெளிநாட்டவரை மணந்த நேபாள ஆணின் பிள்ளைக்கு வம்சாவழிக் குடியுரிமை உண்டு. வெளிநாட்டவரை மணந்த நேபாளப் பெண்ணின் பிள்ளைக்கோ விண்ணப்பித்துப் பெறும் இயல்புரிமைக் குடியுரிமைதான், அதுவும் அரசு மனம் வைத்தால். பெண்கள் கணிசமாக இடம்பெற்றிருந்த அரசியலமைப்பு அவைதான் இதை 507 வாக்குகளோடு நிறைவேற்றியது.

தேன்மொழி:
குடியுரிமைப் பிரிவு அநீதியானது என்பதில் நமக்குள் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் வரலாற்றைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். 1990ஆம் ஆண்டு அரசியலமைப்பில் குடியுரிமை தந்தை வழியில் மட்டுமே கிடைத்தது. 2006 மே மாதம், மன்னரின் நேரடி ஆட்சிக்கு எதிரான மக்கள் இயக்கத்தால் மீண்டும் கூட்டப்பட்ட நாடாளுமன்றத்தில், பின்னாளில் குடியரசுத் தலைவரான வித்யா பண்டாரி முன்மொழிந்த தீர்மானம் நிறைவேறியது. தாய் வழியிலும் குடியுரிமை, அரசின் அமைப்புகளில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு என்ற இரண்டு கோரிக்கைகளும் அந்த ஒரே தீர்மானத்தில் இருந்தன. அவற்றைக் கேட்டவர்கள் இரண்டையும் ஒன்றாகவே பார்த்தார்கள். நாம்தான் இங்கே பிரிக்கிறோம்.

துணைப் பதவி வெறும் அலங்காரம் என்பதையும் நான் ஏற்கவில்லை. அரசியலமைப்பின் 217ஆம் பிரிவின்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் மூவர் கொண்ட நீதிக்குழு இருக்கிறது. அதன் ஒருங்கிணைப்பாளர் துணைத் தலைவர்தான். வரப்புத் தகராறு, வாய்க்கால் நீர்ப் பங்கீடு, கொடுக்காத கூலி, முதியோரைக் கவனிக்காத பிள்ளைகள், மனைவிக்கும் குழந்தைகளுக்கும் சோறும் துணியும் தராத கணவர், தன் கூரைத் தண்ணீரை அடுத்த வீட்டில் விழவிடுபவர் என்று 13 வகை வழக்குகளில் அந்தக் குழு தீர்ப்பே சொல்லலாம். மணவிலக்கு உட்பட மேலும் 11 வகைகளில் சமரசம் செய்யலாம். கூலி கேட்டோ, கணவர் மீதோ புகார் கொடுக்க வரும் பெண், எதிரே நாற்காலியில் ஒரு பெண்ணைப் பார்க்கிறாள். இதைச் சின்ன விஷயம் என்று சொல்பவர் ஊர்ப் பஞ்சாயத்தில் கைகட்டி நின்றதில்லை என்றே நினைக்கிறேன்.

இளங்கோ:
சபாபதி ஐயா சொன்ன ஓட்டை உண்மை. அதற்காக ஒதுக்கீட்டையே சந்தேகிக்க வேண்டாம். நேபாளச் சட்டம் கட்சியைக் கட்டுப்படுத்தியது, பதவியைக் கட்டுப்படுத்தவில்லை. இந்தியாவில் அரசியலமைப்பின் 73ஆவது திருத்தத்துக்குப் பின் ஊராட்சித் தலைவர் பதவியே சுழற்சி முறையில் பெண்களுக்கு ஒதுக்கப்படுகிறது. தமிழ்நாட்டில் 2016 முதல் அது சரிபாதி. 753 தலைமைப் பதவிகளில் ஒரு பங்கை அவ்வாறே ஒதுக்கினால் எந்தக் கூட்டணியாலும் தப்ப முடியாது.

சபாபதி:
சுழற்சி முறை நல்லதுதான், இளங்கோ. ஆனால் நம் ஊராட்சிகளில் மனைவி கையெழுத்துப் போட, கணவர் கூட்டம் நடத்துவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அடுத்த தேர்தலில் அந்த இடம் பொதுப் பிரிவுக்குப் போனதும், நன்றாகப் பணியாற்றிய பெண்ணுக்கும் கட்சி சீட்டுக் கொடுப்பதில்லை. நேபாளத்தில் 2017இல் துணை மேயராக ஐந்தாண்டு பழகிய 700 பேரை 2022இல் மேயர் வேட்பாளராக்கக் கட்சிகளுக்கு எந்தத் தடையும் இல்லை. தலைமைப் பதவிக்கு வந்த பெண்கள் 18இலிருந்து 25 ஆனதுதான் மிச்சம். 2025 செப்டம்பரில் அந்நாட்டின் முதல் பெண் பிரதமராகச் சுசீலா கார்க்கி பதவியேற்றாரே, அவரும் எந்தக் கட்சியின் பட்டியலிலும் வந்தவர் அல்லர். இளைஞர் போராட்டம் ஆட்சியைக் கவிழ்த்த பிறகு இடைக்கால அரசுக்கு அழைக்கப்பட்ட முன்னாள் தலைமை நீதிபதி. எனவே ஒதுக்கீட்டைக் கட்சிக்குள் கொண்டுபோக வேண்டும் என்கிறேன். நேரடித் தொகுதி வேட்பாளர்களிலும் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இல்லாத கட்சியின் வேட்புமனுக்களைத் தேர்தல் ஆணையம் ஏற்கக் கூடாது.

தேன்மொழி:
அந்தக் கோரிக்கையை நானும் ஆதரிக்கிறேன். கூடவே, தோற்கும் தொகுதிகளாகப் பார்த்துப் பெண்களுக்குத் தள்ளிவிடாமல் இருக்கவும் ஒரு விதி வேண்டும். ஆனால் நேரடித் தொகுதியில் நிற்கத் தேர்தல் செலவுக்குப் பணம் வேண்டும், சொத்து ஆண்கள் பெயரில் இருக்கிறது. அந்த நிலை மாறும்முன் பட்டியல் முறையைக் கைவிட்டால், முதலில் வெளியேறுபவர்கள் இந்திய எல்லையை ஒட்டிய தராய்ச் சமவெளியின் தலித் பெண்களாகவே இருப்பார்கள். அந்த இடத்தை யார் நிரப்புவார்கள் என்பதற்கு உங்கள் திட்டத்தில் இன்னும் பதில் இல்லை.