புதுப்பிப்பு: தங்கச்சிக்குக் காரைக்குடிதான்

போன பதிவில், தங்கச்சியைச் சென்னைத் தனியார் கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ப்பதா, கலந்தாய்வில் கிடைத்த காரைக்குடி அழகப்ப செட்டியார் அரசுப் பொறியியல் கல்லூரியில் சேர்ப்பதா என்று கேட்டிருந்தேன். காரைக்குடியிலேயே சேர்த்துவிட்டோம்.

பெயருக்காகச் சென்னைப் பக்கம் சாய்ந்தவன் நான்தான். ஆனால் அங்கே நிர்வாக ஒதுக்கீடு என்றால் மொத்தப் பணமும் நம் கையிலிருந்து. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அப்பாவின் விசைப்படகு பாம்பன் கரையில்தான் கிடக்கும். அது முடிந்த கையோடு கல்லூரிப் பணம் கட்டுவதென்றால் வட்டிக்குத்தான் வாங்க வேண்டும். காரைக்குடியிலோ, அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டும் அரசே கட்டுகிறது. புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வேறு. இதை எடுத்துச் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

1952இல் தொடங்கிய கல்லூரி, பெயரும் குறைந்ததில்லை. நேரில் போனபோது விடுதி அக்காமார் அவளை ஒரு மணி நேரம் கூட்டிப்போய்ச் சுற்றிக் காட்டினார்கள். திரும்பி வரும்போது, “அண்ணே, இங்கேயே இருந்துக்கிறேன்” என்றாள். அம்மாவுக்கு அதுவே போதும். நினைத்தால் பஸ் ஏறிப் பார்த்துவிட்டு வரலாம்.