பிறழ்வு நடத்தை: வன்னியில் எந்தக் கோலால் அளக்கிறது?

முறிகண்டி:
உளவியலில் பிறழ்வு நடத்தைக்கு, அதாவது இயல்பு மீறின நடத்தைக்கு, நாலு அளவுகோல் சொல்லித் தருவினம்: வழமையிலிருந்து விலகல், மனத்துயர், அன்றாடக் காரியம் குழம்புதல், ஆபத்து. என்னைக் கேட்டால் முதலாவதுதான் உறுதியானது, மற்ற மூன்றும் பார்க்கிற ஆளைப் பொறுத்து மாறும். நுண்ணறிவு ஈவை (ஐகியூ) எடுங்கோ. இடை (சராசரி) 100, நியம விலகல் (புள்ளிகள் சராசரியிலிருந்து பரவுற அளவு) 15, இரண்டு விலகல் இறங்கினால் 70. அதுக்குக் கீழே வாறவை நூற்றுக்கு இரண்டு பேரளவு. ஆர் அளந்தாலும் கோடு அதே இடத்திலைதான்.

கனகராயன்:
அண்ணை, 130க்கு மேலேயும் அதே நூற்றுக்கு இரண்டுதான். அவையளையும் கிளினிக்குக்கு அனுப்புவமோ? அந்த 70 கூட இப்ப தனிய நிற்கேலாது. 2013இல் வந்த டிஎஸ்எம்-5, அதாவது அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின்ரை நோய்ப்பட்டியல், அறிவுவளர்ச்சிக் குறைபாட்டின் கடுமையை ஈவை வைத்துப் பார்க்காமல், ஆள் காசு எண்ணுறது, குளிக்கிறது, கதைச்சுப் பழகிறது எல்லாம் எப்படிச் சமாளிக்கிறார் எண்டு பார்க்கச் சொல்லுது.

மற்றப் பக்கமும் இருக்கு. முள்ளிவாய்க்காலுக்குப் பிறகு வன்னியில் நித்திரை குழம்பாத வீட்டைத் தேடவேண்டியிருந்தது. கனபேருக்கு வந்தால் அது சுகமோ? ஊர் முழுக்கச் சூத்தைப் பல்லெண்டாலும் சூத்தை சூத்தைதான்.

முறிகண்டி:
அப்ப எண்ணை விட்டிட்டு ஊர் வழக்கத்தைப் பிடிக்கிறியளோ?

பாலியாறு:
ஊர் வழக்கம் வேணும், அது மட்டும் போதாது. வற்றாப்பளைப் பொங்கலில் உரு வந்து ஆடுறவரை வெளியிலிருந்து வாற ஒருவர் பார்த்தால் உடனே ஏதாவது நோய்ப்பெயர் எழுதிப்போடுவார். உலக சுகாதார நிறுவனத்தின்ரை நோய்ப்பட்டியலான ஐசிடி-11 அப்படி எழுத விடாது. ஆவேச நிலையை நோயெண்டு சொல்ல, அது ஆளின்ரை விருப்பமில்லாமல் வரவேணும், அந்தச் சமூகம் ஏற்ற வழிபாட்டுக்குள் அடங்காததாக இருக்கவேணும், ஆளுக்குத் துயரமோ வாழ்க்கைக் குழப்பமோ தரவேணும்.

ஆகவே கேட்கவேண்டியது: எங்கே வந்தது, கோயிலிலோ, கிணற்றடியிலோ? எவ்வளவு நேரம்? அடுத்த நாள் வயலுக்குப் போனாரோ? பூசாரி என்ன சொல்லுறார்? "இது அம்மன் இல்லை, வேறை ஏதோ" எண்டு பூசாரியே சொன்னால் அதைக் கவனமாக எடுங்கோ. இதுக்கெல்லாம் முதல் வலிப்பா எண்டு பார்க்கவேணும். கை கால் இழுத்து, நாக்குக் கடிபட்டு, சலம் போயிருந்தால் முதலில் வைத்தியர். இந்த இடத்தில்தான் கனபேர் பிழை விடுகினம்.

கனகராயன்:
ஊர் ஏற்றால் சரி எண்டதிலை பொறியும் இருக்கு. 1851இல் சாமுவேல் கார்ட்ரைட் எண்ட அமெரிக்க வைத்தியர், தப்பியோடின அடிமைகளுக்கு ஒரு நோய்ப்பெயரே வைத்தார். அந்தச் சமூகத்தின்ரை வழக்கம் அது. ஒருபாலீர்ப்பு 1973 வரை அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின்ரை பட்டியலில் கிடந்தது. எங்கடை பக்கம் அது தலைகீழாய் நடக்கும்: பொழுதுபட்டால் கசிப்பு வழமை எண்ட ஊரில், குடிக்கு அடிமையானவர் ஊர் வழக்கப்படி சாதாரண ஆள்.

முறிகண்டி:
சரி, துக்கத்துக்கு வருவம். அதுக்குக் காலக்கணக்கு இருக்குத்தானே? வளர்ந்தவருக்கு டிஎஸ்எம் 2022 திருத்தத்தில் 12 மாதம், ஐசிடி-11இல் 6 மாதத்துக்கு மேல். ஆட்டத்துவசம் (ஒரு வருசத் திவசம்) முடிஞ்சும் ஆள் எழும்பேல்லை எண்டால் நீடித்த துக்கம். இதுவும் எண்தான்.

பாலியாறு:
இரண்டு நூலும் கேட்கிற முதல் நிபந்தனை, ஒருவர் இறந்திருக்கவேணும். 2017 பெப்ரவரி 20இலிருந்து காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையளைத் தேடிக் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் போராட்டம் இருந்த தாய்மாருக்கு எந்தத் திகதியிலிருந்து 12 மாதம் எண்ணுவியள்? அந்தியேட்டி செய்யேல்லை, பொட்டு அழிக்கேல்லை. இதை "மறுக்கிறா" எண்டு எழுதுறது பிழை. போலின் பாஸ் எண்ட அமெரிக்க ஆய்வாளர் இதைத் தெளிவற்ற இழப்பு எண்டு பிரிச்சுக் காட்டினவர். ஆள் உடம்பால் இல்லை, மனதில் இருக்கிறார். குழப்பம் நிலைமையில் இருக்கு, அந்தத் தாயின்ரை மூளையில் இல்லை.

"செத்திட்டார் எண்டு ஏற்றுக்கொள்ளுங்கோ" எண்டு ஆலோசகர் அவசரப்பட்டால், அந்த அம்மா அடுத்தமுறை வரமாட்டா. அதுக்காகச் சும்மா விடவும் கூடாது. அவ சாப்பாட்டை விட்டிட்டா, சாகவேணும் எண்டு கதைக்கிறா எண்டால் அதைத் தனியாகப் பார்த்து வைத்தியம் செய்யவேணும். மகனைத் தேடுறது அதுபாட்டுக்கு நடக்கட்டும்.

முறிகண்டி:
ஏற்கிறன். ஆனால் காரியம் குழம்பினதை எதாலை அளக்கப்போறியள்? உலக சுகாதார நிறுவனத்தின்ரை 12 கேள்விப் படிவம், கடந்த 30 நாளைப் பற்றி. அதுவும் புள்ளிதானே?

கனகராயன்:
புள்ளிதான். அதிலை ஒரு கேள்வி அரை மணித்தியாலம் நிற்கிறதைப் பற்றி, இன்னொன்று ஒரு கிலோமீற்றர் நடக்கிறதைப் பற்றி. காலில் செல் (எறிகணை) துண்டு கிடக்கிற ஆள் இரண்டிலும் உயர்ந்த புள்ளி, அதாவது கூடின கஷ்டம், எடுப்பார், மனம் கல்லுமாதிரி இருந்தாலும். மொத்தத்தைக் கூட்டமுதல் கேள்வி கேள்வியாகப் பாருங்கோ. பத்து நிமிசம் மனதைக் குவிக்கிறது, தெரியாத ஆட்களோடை கதைக்கிறது, சினேகிதத்தைக் காக்கிறது, இந்த மூன்றும் எங்கை நிற்குது எண்டு தனியக் குறியுங்கோ.