பாட்டு வரிகள் இல்லாத ஆல்பத்தில் எதைப் பிடித்துக்கொண்டு கேட்பது?

கேள்வி:
கிடார் கலைஞர் ஸ்டீவ் ஹாக்கெட் ஜெனிசிஸ் என்ற இங்கிலாந்து ராக் குழுவில் இருந்தபோதே 1975இல் தனியாகப் போட்ட 'வாயேஜ் ஆஃப் தி அகோலைட்' ஆல்பத்தை இப்போதுதான் கேட்கிறேன். முதல் டிராக் பரபரவென்று ஓடுகிறது, ரொம்பப் பிடித்தது. அப்புறம் கவனம் எங்கெங்கோ போய்விடுகிறது. எட்டு டிராக்கில் மூன்றில்தான் குரலே வருகிறது. பாட்டு என்றால் பல்லவி திரும்பி வரும்போது எங்கே இருக்கிறோம் என்று தெரியும், இதில் எதை வைத்துத் தெரிந்துகொள்வது?

பதில் 1:
பல்லவி இதிலும் உண்டு, புல்லாங்குழலில் இருக்கிறது. இரண்டாவது டிராக்கில் ஸ்டீவின் தம்பி ஜான் வாசிக்கும் மெட்டை, வாய் தானாக முணுமுணுக்கும் வரை திரும்பத் திரும்பக் கேளுங்கள். மூன்றாவது 'எ டவர் ஸ்ட்ரக் டவுன்' ஒரே இரைச்சல், முடிவில் என்னவோ இடிந்து விழுகிறது. அது அடங்கியதும் பழைய மெட்டே இரண்டாம் பாகமாகத் திரும்புகிறது, ஆனால் இத்தனை கேட்ட பிறகு அது வேறு மாதிரி வலிக்கிறது. குறி சொல்லப் பயன்படும் டாரட் சீட்டுகளை வைத்துக் கட்டிய ஆல்பம் என்பதால் வரிசை முக்கியம். ஷஃபிளில் போட்டால் எல்லாம் போச்சு.

பதில் 2:
மெட்டை மட்டும் துரத்த வேண்டாம் என்பேன். கிடாரின் சத்தத்தையே கவனியுங்கள். ஹாக்கெட் பல இடங்களில் ஒலியை முழுக்கக் குறைத்து வைத்துக் கம்பியை மீட்டிவிட்டு, பிறகு வால்யூம் பெடலை மெல்ல அழுத்தி ஒலியை ஏற்றுகிறார். அதனால் மீட்டிய அந்த 'டங்' நமக்குக் கேட்பதே இல்லை, வயலினில் வில் இழுத்ததுபோல சுரம் எங்கிருந்தோ கிளம்பி வருகிறது. ஒருமுறை காதில் பட்டுவிட்டால் அப்புறம் அந்த இடங்களுக்காகவே காத்திருப்பீர்கள். ஹெட்போனில் கேட்பது நல்லது.

பதில் 3:
கடைசி டிராக்கைப் பற்றி யாரும் சொல்லவில்லையே! 'ஷேடோ ஆஃப் தி ஹைரோஃபன்ட்', பதினோரு நிமிடத்துக்கு மேல். முன்பாதியில் சாலி ஓல்ட்ஃபீல்ட் பாடுகிறார், இசைக்கலைஞர் மைக் ஓல்ட்ஃபீல்டின் அக்கா. பிறகு குரல் போய்விடும், ஒரு சின்ன இசைத்துணுக்கு காதுக்கு எட்டியும் எட்டாமலும் தொடங்கிச் சுற்றிச் சுற்றி வரும். தயவுசெய்து அங்கே ஒலியைக் கூட்டாதீர்கள். மெட்டு கடைசிவரை மாறாது, கனம்தான் ஏறிக்கொண்டே போகும், பில் காலின்ஸின் டிரம்ஸ் முழு வேகத்தில் இறங்கும்போது உங்களுக்கே புரியும். திரும்பத் திரும்ப ஒன்றே வருகிறதே என்று பாதியில் நிறுத்திவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆதங்கமாக இருக்கும், ஆல்பம் முழுக்க ஏங்கிக்கொண்டிருந்தது அந்த இடத்துக்குத்தான்.

கேள்வி கேட்டவர்:
நன்றி நண்பர்களே. புல்லாங்குழல் மெட்டு திரும்பி வந்தது இப்போது நன்றாகத் தெரிந்தது, இரண்டாம் பாகம் தொடங்கியதும் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். இதே வழியில் அடுத்து எதைக் கேட்கலாம்?

பதில் 1:
கேமல் குழுவின் 'ஸ்னோ கூஸ்', அதுவும் 1975தான். பாட்டு வரியே கிடையாது, ஒரு கதையை இசையே சொல்கிறது, மெட்டுகள்தான் பாத்திரங்கள். ஆண்ட்ரூ லாட்டிமரின் கிடார் அவசரமே படாது, உங்களுக்குப் பிடிக்கும்.