ஹைட்ரஜன் வேலைக்கு எங்கே பழகலாம்? டெல்லியில இருக்கிறவங்க சொல்லுங்க

வணக்கம். நாங்க முனிர்காவில் இருக்கோம். அக்கா பையன் ஐடிஐ எலக்ட்ரீஷியன். ரெண்டு வருஷமா மொட்டைமாடிகள்ல சோலார் பேனல் மாட்டுறான். பேனல் ஒயர்களை இணைக்கிற எம்சி4 கனெக்டரைக் கண்ணை மூடிக்கிட்டே கிரிம்ப் பண்ணுவான் (அழுத்திப் பொருத்துவான்). இப்போ சூரிய மின்சாரத்துல ஹைட்ரஜன் எடுக்கிற வேலைக்குத்தான் போவேன்னு ஒத்தைக்கால்ல நிக்கிறான்.

ஒரு தனியார் பயிற்சி மையத்துல 45,000 ரூபாய் கட்டினோம். மூணு வாரமும் வெறும் ஸ்லைடு. ஒரு கிலோ ஹைட்ரஜனுக்குக் குறைஞ்சது 9 லிட்டர் தண்ணி, சுமார் 50 முதல் 55 யூனிட் கரன்ட், எல்லாம் மனப்பாடமாச் சொல்றான். கரன்ட் விட்டுத் தண்ணியைப் பிரிச்சு ஹைட்ரஜன் எடுக்கிற எலக்ட்ரோலைசர் மிஷினை மட்டும் கண்ணுலயே காட்டல. ஹைட்ரஜனுக்கு வாசனை கிடையாது, பகல்ல எரிஞ்சா சுடரும் சரியாத் தெரியாது. அந்த வாயுவை ஸ்லைடுல பார்த்தா பழகுறது?

குருகிராம் குவால் பஹாடியில இருக்கிற தேசிய சூரிய ஆற்றல் நிறுவனத்தோட சூர்யமித்ரா பயிற்சி பத்தித் தெரியும், ஆனா அது சோலாருக்குத்தான். 2030க்குள்ள வருஷம் 50 லட்சம் டன் பச்சை ஹைட்ரஜன் (சூரிய மின்சாரம் மாதிரி புதுப்பிக்கத்தக்க மின்சாரத்துல எடுக்கிறது)னு 2023ல அரசு இலக்கு வெச்சாங்களே, அதுக்கு ஆள் வேணும்ல?

பிளான்ட்ல வேலை பார்க்கிற அண்ணன், அக்கா யாராவது இருந்தா சொல்லுங்க. ஆள் எடுக்கும்போது என்ன கேப்பீங்க? கேஸ் போற டியூப்களைப் பொருத்துற டியூப் ஃபிட்டிங்கா, கேஸ் பாதுகாப்புச் சான்றிதழா? இந்தி நல்லாப் பேசுவான், இங்கிலீஷ்தான் கொஞ்சம் தகராறு. கட்டின ஃபீஸைத் திரும்ப வாங்கின அனுபவம் இருந்தாலும் இன்பாக்ஸ்ல வாங்க.